ஈரமானி

பார்சல் கொண்டுவந்த பெடியன்
கேற்றடியில் நின்று கேட்டான்:
"என்னக்கா, போன் கவரா?"
"ஓம்" என்றேன்.
இந்த விசயத்தில் நான் சொன்ன ஒரே பொய் அது.
மற்றதை எவரும் கேட்கவில்லை.
எச்.ஐ.வி. என்ற மூன்று எழுத்தும்
உள்பெட்டியில்தான் இருந்தன.

கல்முனைக் கிளினிக்குக்குப் போயிருக்கலாம்.
அங்கே துண்டு எழுதுகிறவள் மச்சாளின் தங்கை.
நான் பஸ்ஸில் காரைதீவுக்கு வந்து சேருமுன்
கதை ஓட்டோவில் வந்து இறங்கியிருக்கும்.

எனக்குத் தொழில் நிறுப்பது.
சம்மாந்துறை மில்லில் லொறித் தராசு.
நெல்லோடு ஒருமுறை, வெறுமையாய் ஒருமுறை,
இடையில் நிற்பதற்குத்தான் காசு.
வருசத்துக்கொருக்கா ஒரு உத்தியோகத்தர் வந்து
படிக்கல் ஏற்றிப் பார்த்து முத்திரை வைப்பார்.
ஆனபடியால் எந்தக் கருவியையும்
முகத்தைப் பார்த்து நம்புவதில்லை நான்.

ஒரு தட்டைக் குச்சி, ஒரு சின்னக் குப்பி,
குப்பியை நிமிர்த்தி வைக்க ஒரு தாங்கி,
ஏழாய் மடித்த தாள்.
தமிழ் கடைசிப் பக்கத்தில்,
நுளம்பின் கால் தடிப்பில்.
ஊசி இல்லை. இரத்தம் இல்லை.
'மேல் ஈறில் ஒருமுறை, கீழ் ஈறில் ஒருமுறை மட்டும்.'
என் கை இரண்டாம் முறைக்கு எழும்பியது,
சந்தேகத்தில் சட்டியைத் திரும்பக் கழுவுகிற கை அது.
அந்த 'மட்டும்' பிடித்து நிறுத்தியது.

பச்சைத் தண்ணிகூடக் குடிக்காமல்
கால் மணித்தியாலம் முன்னமே இருந்திருந்தேன்.
குச்சியை இறக்கினதும்
வாய்க்கால் திறந்த வட்டைக்குள் முதல் தண்ணி போவதுபோல
இளஞ்சிவப்பு மெல்ல ஏறியது,
அதற்கு ஒரு அவசரமும் இல்லை.

இருபது நிமிசத்துக்கு முன் பார்த்தால் பிழை.
நாற்பதுக்குப் பின் பார்த்தாலும் பிழை.
எனக்கு எவரும் இவ்வளவு கறாராய்
நேரம் குறித்துத் தந்ததில்லை,
கலியாணத்துக்குச் சாத்திரியார் உட்பட.

பதினேழாம் நிமிசம் கரண்ட் போனது.

இருட்டுக்குள் ஒரு முடிவு எடுத்தேன்:
இரண்டு கோடு விழுந்தாலும் அது தீர்ப்பில்லை,
இரத்தம் கொடுத்து உறுதி பார் என்ற சொல்தான்.
விழுந்தால் கல்முனைக்கே போவேன்.
மச்சாளின் தங்கையிடமே துண்டெடுப்பேன்.
கதை ஓட்டோவில் வரட்டும், வாடகை அவளே கொடுக்கட்டும்.

இருபத்திரண்டில் போன் வெளிச்சம் அடித்தேன்.
'சீ' என்ற எழுத்துக்கு நேரே கோடு விழவேணும்,
விழாவிட்டால் கருவியே பழுது.
விழுந்திருந்தது.
'சீ' என்பது ஒரு நல்ல சொல்லாய்
என் முன்னால் நின்றது அன்றைக்குத்தான்.

'ரீ'க்கு நேரே ஏதோ மங்கல்.
மங்கலானாலும் கோடு கோடுதான் என்கிறது தாள்.
போனைச் சரித்தேன், மங்கலும் சரிந்தது.
கோடு நகராது. நிழல்தான் நகரும்.
மூன்று தரம் சரித்தேன்,
முப்பத்தெட்டாம் நிமிசம் வரைக்கும்.

ஒரு கோடு.

மூச்சு விட்டு, தாளை மடிக்கப் போகையில்
ஒரு வரி கண்ணில் குத்தியது: மூன்று மாதம்.
விரல் மடித்தேன். ஒன்பது கிழமை.
எந்த நாளில் இருந்து என்று கேட்காதீர்கள்,
பெட்டியும் கேட்கவில்லை.

போன கிழமை ஆதம்பாவா காக்கா
வெட்டின கையோடு நெல் ஏற்றி வந்தார்.
ஈரமானியில் பத்தொன்பது.
"உண்ட தராசு பொய் சொல்லுதா மகள்?"
"தராசு சரி காக்கா,
நெல்லுத்தான் இன்னும் காயல்ல."

கரண்ட் வந்தது.
மறுகா தேத்தண்ணி வைத்தேன், சீனி கூடிப் போயிற்று.
மில்லுக் கலண்டரில்
நாலு கிழமை தள்ளி ஒரு வட்டம் போட்டு
'ஈரம் பார்க்க' என்று எழுதினேன்.
அது பொய்யில்லை.