முப்பத்து மூன்று பொத்தான்

படத்தில் அந்த இளஞ்சாமியார் போட்டுவரும் வெள்ளை அங்கி
நான் தைத்தது.
மார்பு நாற்பது. தோள் பதினெட்டு.
கழுத்திலிருந்து கணுக்கால்வரை
ஆண்டவர் வாழ்ந்த வருஷக் கணக்குக்கு
முப்பத்து மூன்று பொத்தான்.
பாதியைச் சும்மா ஒட்டிவிடுங்கள், கேமராவுக்குத் தெரியாது
என்றான் நடிகன்.
முப்பத்து மூன்றுக்கும் காஜா எடுத்தேன்.

குறும்பனையில் படம்பிடித்த எட்டு நாளும்
உதவி இயக்குநர்ப் பையன் ஒருவன்
என் கடை பெஞ்சில் டீ ஆறிப்போக எழுதிக்கொண்டிருப்பான்.
ஒக்கியைப் பற்றிக் கேட்டான்.
நூல் கோத்துக்கொண்டே சொன்னேன்:
"கடலுக்கு மேல நடந்தவருக்கு
நீச்சல் எதுக்கு தெரியணும்?
எனக்க மாப்பிளைக்குத் தெரியும்.
மூணு நாளாவது நீந்தியிருப்பாரு."
நூலைப் பல்லால் கடித்தேன்.
அவ்வளவுதான்.

முதல் இரண்டு வரி மட்டும்
இப்போது திரையில்,
பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நிற்கிறவர் வாயில்.
மற்றதை வெட்டிவிட்டார்கள்.

ஞாயிறு இரண்டாம் பூசையில் சுற்றுமடல் வாசித்தார்கள்.
ஆண்டவரை நிந்திக்கும் அந்த வசனம், என்று.
வேதத்தில் இருந்தாலும் வசனம்,
சினிமாவில் இருந்தாலும் வசனம்;
தையல் கடையில் சொன்னால்
அதற்குப் பெயரில்லை.

எங்கள் அன்பியத்துக்கு ஐந்து தட்டி.
ஒன்று என் கையில்.
ஜெறால்டு வாத்தியாரின் முத்துமுத்தான எழுத்தில் என் பேச்சு,
அதன்மேல் சிவப்பில் பெரிய பெருக்கல் குறி.

குளச்சல் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தோம்.
முன்னால் பாதர் அஜிலாஸ்,
பட்டம் வாங்கி மூன்றாம் வருஷம்.
அந்த அங்கியும் நான் தைத்ததுதான்.
கோஷத்துக்கு அவர் கை உயர்த்தும்போதெல்லாம்
அக்குள் தையல் விடுகிறதா என்றே பார்த்து வந்தேன்.
பக்கத்தில் புளோறி.
அவள் வீட்டுக்காரரும் அதே படகு.
தட்டியை எழுத்துக் கூட்டி வாசித்தாள்.
"இது நீ சொல்லுகதுல்லா?"
"மிண்டாத நட."

செவ்வாய் சாயங்காலம் பாதர் கடைக்கு வந்தார்.
அங்கி சுருட்டி மஞ்சள் பையில்.
பதினோராவது பொத்தான் இல்லை.
டப்பாவில் படத்துக்கு வாங்கியதில் மிச்சம் கிடந்தது.

தைக்குமுன் பாக்கெட்டைத் தடவுவது என் பழக்கம்:
ஜெபமாலை,
பைக் சாவி,
மார்த்தாண்டத்துத் தியேட்டர் டிக்கெட், கிழிந்த பாதி.
மூன்றையும் எடுத்த வரிசையிலேயே திருப்பி வைத்தேன்.

அவர் வாசலில், எனக்கு முதுகு காட்டி நின்றார்.
கட்டுமரம் ஒன்று கரையேறிக்கொண்டிருந்தது.

"அக்கா, உங்க வீட்டுக்காரருக்கு
நல்லா நீச்சல் தெரியுமா?"

"தெரியும் பாதர்."

அதற்குமேல் கேட்கவில்லை.
பொத்தானை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்.
நின்றது.
பத்து ரூபாய் என்றேன்.