ஏழாம் குழி

ஓடுதளத்தில் ஒன்பது குழிகள்.
வானொலி பதினொன்று என்றது.
அடைத்தவன் நான். ஒன்பதுதான்.

அடிக்கப் போவதாக முந்தின நாளே
சொல்லி அனுப்பிவிட்டார்கள்.
மாலைக்குள் விமானங்கள் எல்லாம்
கிழக்கே போய்ச் சேர்ந்தன.
சமையற்காரன்கூட அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனான்.
காவல் நாயை அவிழ்த்துவிட மட்டும்
யாருக்கும் நினைவு வரவில்லை.

விடிந்ததும் எங்களை லாரியில் ஏற்றினார்கள்.
ஜல்லி, மணல், சீக்கிரம் இறுகும் சிமெண்ட்,
ஷிப்லியின் பழைய ரோடு ரோலர்.
குழிக்கு இரண்டரை மணி நேரம் என்று
பொறியாளர் ஜவ்தத் கணக்குப் போட்டார்.
நாளை இரவுக்குள் பறக்க வேண்டுமாம்.

நடுவே தேநீர். கூடவே வழக்கு.
"இது அடியே இல்லை" என்றான் அஸ்ஸாஃப்.
"அடிக்கிறவன் நேரம் குறித்துக் கொடுப்பானா?
அவர்கள் ஊரில் தேர்தல் வருகிறது.
முதுகில் தட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்."
ஷிப்லி ஒத்துக்கொள்ளவில்லை.
"போன தடவை அடித்தபின்
பதினோரு நாள் இங்கிருந்து ஒன்றும் கிளம்பவில்லை.
நான் எண்ணினேன்."
"பன்னிரண்டாம் நாள்?"
ஷிப்லி கோப்பையின் அடியில் கிடந்த
சர்க்கரையை விரலால் வழித்தார்.

கடலுக்கு அப்பால் ஒரு மேசையைச் சுற்றி
இதே வழக்கு நடந்திருக்கும்.
அளவான அடி, தெளிவான செய்தி என்று ஒருவர்.
அளந்து அடித்தால் அவன் அஞ்சமாட்டான்,
அளக்காமல் அடித்தால் நாம் மாட்டிக்கொள்வோம்
என்று இன்னொருவர்.
இருவருமே கெட்டிக்காரர்கள்.

செய்தி என்கிறார்கள்.
உறையைக் கிழித்துப் பார்த்தவன் நான்:
உள்ளே பாறைத் தூள், வளைந்த இரும்பு,
நாயின் சங்கிலி.
யாருக்கு எழுதியது என்று
எந்தத் துண்டிலும் இல்லை.

என் அக்கா லமீஸ் இருப்பது தல் ருமைலாவில்.
இங்கே எழும்பும் விமானம்
அவள் ஊருக்குப் போய்ச் சேர ஆறு நிமிடம்.
அந்தப் பதினோரு நாளைப் பற்றி
ஒருமுறை தொலைபேசியில் சொன்னாள்.
மொட்டைமாடியில் படுத்தார்களாம்.
குளிர்காலத்திலிருந்து கிடந்த கம்பளத்தைத்
துவைத்துக் காயப்போட்டாளாம்.
பக்கத்து வீட்டு ஹாத்திமுக்குத்
தள்ளிக்கொண்டே வந்த கல்யாணத்தை
ஒன்பதாம் நாள் முடித்தார்களாம்.
"போதுமா?" என்று கேட்டேன்.
"எதற்குப் போதுமா?" என்றாள்.

அவளை யாராவது அந்த மேசைக்கு அழைத்தால்
எந்தப் பக்கம் உட்காருவாள்?
அடியுங்கள் என்று சொல்லமாட்டாள்.
வேண்டாம் என்றும் சொல்லமாட்டாளோ என்றுதான்
எனக்குப் பயம்.
நாள் கேட்பாள்.
வெங்காயத்துக்குப் பேசுகிற மாதிரி பேரம் பேசுவாள்:
பதினொன்று என்ன கணக்கு,
இருபதாகப் போட்டுத் தாருங்கள்.

இந்தக் கூலி வேண்டாம் என்று சொல்ல
எனக்கு வக்கில்லை.
மூன்று பிள்ளைகள்.
முகாம் வாசலில் எப்போதும் நிற்கும் ஜீப்.

ஆறு குழிகளை ஒழுங்காகத்தான் அடைத்தேன்.
ஏழாவதில், நன்றாக இருட்டிவிட்ட நேரம்,
கலவையில் இரண்டு வாளித் தண்ணீர்
கூடுதலாக விழுந்தது.
விழுந்தது என்றா சொன்னேன்?
ஊற்றினேன்.

ஜவ்தத் டார்ச்சோடு வந்து குனிந்தார்.
ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார்.
விரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.
"வெயில் அடித்தால் இறுகிவிடும்."
அவர் குடும்பம் எந்த ஊரில் என்று
இந்த நான்கு வருடத்தில்
நான் கேட்டதில்லை.

அந்த ஏவுகணைகள் எதைச் சாதித்தன என்று
தெரிந்தவர்கள் வாதாடட்டும்.
இரண்டு வாளி எதைச் சாதிக்கும்?
அரை நாள்?
ஒரு கம்பளம் காயும் நேரம்?
அல்லது சக்கரம் ஏறும்போது லேசாக ஒரு குலுங்கல்,
விமானி கவனிக்கக்கூட மாட்டான்.

எட்டாம் குழிக்கு ஜல்லி லாரி
பின்பக்கமாக வந்தது.
கையசைத்து
வழி காட்டினேன்.