பச்சை

கடற்காற்று புகையை இந்தப் பக்கம்தான் தள்ளும்.
முதல் பத்து வாணத்துக்குள் எடுத்துவிட வேண்டும்.

டூப்ளே சிலை தாண்டி
கருங்கல் இடுக்கில் ட்ரைபாடை ஊன்றி
ஷட்டரைத் திறந்தே வைத்தேன்.
வெடிக்கும் வெடிக்கும் நடுவே லென்ஸை மூட
கொழுந்தனார் கல்யாணப் பத்திரிகை,
பின்பக்கம் கறுப்பு மை பூசியது.

எட்டு நொடி.
கூட்டம் கரைந்துபோனது.
பலூன்காரர் வெறும் மஞ்சள் கோடு.
அசையாமல் நின்றவர் ஒருவர்தான்:
சிவப்புத் தொப்பிக் காவலர் சவரிராயன்,
வானத்துக்கு முதுகைக் காட்டி,
எங்களைப் பார்த்தபடி.

எல்லாம் முடிந்து
தடுப்புக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே வந்து
"காட்டும்மா" என்றார்.
சின்னத் திரையில் ஒவ்வொன்றாய்த் தள்ளினேன்.

"பச்சைகூட விட்டாங்களா?"

படத்தில்
அவர் தோள்பட்டை விளிம்பில்
நூல் மாதிரி
ஒட்டிக்கொண்டிருந்தது அது.