எதுவும் பூசாத கால்

ஆய்வுகூடச் சாவி
மாற்றலாகிப் போன சேரின் பையில் கிடந்து
மூன்று மாதமாகிறது.
அதனால் நாலாம் நம்பர் மலையில் வைத்தோம்
எங்கள் பரிசோதனையை.

அட்டைக்கு எது ஆகாது?
பொகவந்தலாவையில் எல்லாருக்கும் தெரியும்,
ஆளுக்கொரு விதமாய்.
மேல் டிவிசன் சவர்க்காரத்தைச் சொல்லும்.
கீழ் டிவிசன் உப்பை விட்டு இறங்காது.
வெற்றிலை போடுகிறவர்களுக்குச் சுண்ணாம்பு.
எண்ணிப் பார்த்தவர் எவருமில்லை.

ஒன்று மட்டும் மாற வேண்டும்,
மற்றதெல்லாம் அசையாமல் நிற்க வேண்டும் என்று
நிரோஷிகா கொப்பியில் கோடு போட்டு எழுதினாள்.
எழுதிக்கொண்டிருக்கும்போதே
மழை விட்டு, வெயில் வந்து, மறுபடி மழை.

பின்னேரம் மூன்று மணி.
கானோரப் பாதையில் இருநூறு எட்டு.
முழங்காலுக்குக் கீழே துணி கிடையாது.
எனக்கு உப்பு. ஜெபஸ்டினுக்குச் சிவப்புச் சவர்க்காரம்.
நிரோஷிகாவுக்குச் சுண்ணாம்பு,
அவள் அப்பாவின் டப்பாவிலிருந்து களவாய் வந்தது.

இன்னுமொரு கால் தேவைப்பட்டது.
எதுவும் பூசாத கால்.
அது இல்லையென்றால்
உப்புதான் காத்ததா,
அட்டைக்கு அன்றைக்குப் பசியில்லையா,
யாரால் சொல்ல முடியும்?
புத்தகம் அதற்குக் கட்டுப்பாடு என்று பெயர் வைத்திருந்தது.
மூன்று பேரும் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிரியலதா வந்தாள். கணக்கியல் படிக்கிறவள்,
எங்கள் பாடமே இல்லை.
“யாராவது நட்டப் பக்கத்துல நிக்கத்தானே வேணும்”
என்று செருப்பைக் கழற்றினாள்.

நாலு நாள்.
அவளுக்கு முப்பத்தொன்று. எனக்கு ஒன்பது.
உப்பு வென்றதென்று நான் குதிக்க,
ஜெபஸ்டின் மெல்லக் கேட்டான்:
நாம அளந்தது உப்பையா, ஒன் ரத்தத்தையா?

அந்தத் தாளைக் கிழித்தோம்.

இனி எல்லாக் காலுக்கும் எல்லாப் பூச்சும், முறை வைத்து.
முன்னால் போகிறவர் அட்டையை எழுப்பிவிட,
பின்னால் வருகிறவர் கடி வாங்குகிறார் என்பதும் பிடிபட்டது.
நடக்கிற வரிசையையும் மாற்றினோம்.
பதினாறு நாள்.
ஆளுக்கு நாலு நாள் எதுவும் பூசாமல்.

என் முறை வந்த முதல் நாள்
நூற்றிருபதாவது எட்டில் குனிந்து பார்த்தேன்.
வலிக்கவேயில்லை. அதுதான் அதன் கெட்டித்தனம்.
வீட்டில் இரவு ஒன்பது மணிக்கும்
சிமெந்துத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.
நேரத்தையும் குறித்து வைத்தேன்.
யாரும் கேட்கவில்லை, குறித்தேன்.

கடைசியில் வரைபு இப்படி வந்தது:
காய்ந்த நாளில் மூன்றுமே வெல்லும்.
ஈர நாளில் உப்பு அறுபது எட்டில் கரையும்,
சவர்க்காரம் நூற்றுச் சொச்சத்தில்.
சுண்ணாம்பு நிற்கும், தோலை எடுக்கும்.
அட்டையோ
ஈர நாளில்தான் வருகிறது.

மலை பார்க்க வருகிற வெள்ளைக்காரர்கள் போடும்
நீளத் துணிமேசைச் சோதிக்கவில்லை.
ஒரு சோடியின் விலையை
வரையறைகள் என்ற தலைப்பின் கீழ் எழுதினாள் நிரோஷிகா,
பிறகு விலையை மட்டும் அழித்தாள்.

கடைசி நாள்.
கொழுந்து நிறுத்துவிட்டு இறங்கி வந்தவர்கள்
வழக்கம்போலச் சிரித்தார்கள்,
“எண்ணுறதுக்கு எவ்வளவு சம்பளம்?”
ஒருத்தி மட்டும் நின்றாள்.
படங்குச் சாக்கை முழங்காலுக்கு மேல் தூக்கி
“இதையும் எழுதிக்க” என்றாள்.

இருநூறு எட்டு நடந்த கால் இல்லை.
காலையிலிருந்து மலையில் நின்ற கால்.
என்ன பூசினாள், எப்போது கரைந்தது,
எந்த நிரலில் போடுவது?
ஜெபஸ்டின் தலையை ஆட்டினான், சேராது என்று.
சேராதுதான்.

அவள் காலை எடுக்காமல் நின்றாள்.
குந்தியிருந்து எண்ணினேன்.
பத்தொன்பது.
அட்டவணைக்கு வெளியே, ஓரத்தில்,
பென்சிலால்.