தாடை

புந்தா அரெனாஸ் துறையிலிருந்து போர்வெனீருக்கு
இரண்டு மணி இருபது நிமிடம்.
லாரிச் சக்கரங்களுக்குக் கட்டை வைப்பதும்
சங்கிலி இறுக்குவதும் என் வேலை.
ஆட்டு லாரி வந்தால் அந்த நாற்றமும் என் வேலை.

பல் மருத்துவர் ஓயார்சூன்தான் முதலில் கேட்டார்:
"ராத்திரியில் யாரோடு சண்டை போடுகிறாய்?
கடைவாய்ப் பல் இரண்டும் தேய்ந்து கிடக்கின்றனவே."
தனியாகத்தான் தூங்குகிறேன் என்றேன்.
அது முழு உண்மையில்லை.
தலையணைக்கு அடியில்
நாலாயிரத்து முந்நூறு பேர் இருந்தார்கள்.

அவர்களில் ஒருவன்,
பனி மூடிய மேல்தளத்தில் நான் நிற்கும் படத்துக்குக் கீழே
"இந்த உடம்பை ஏற்றியும் கப்பல் மிதக்கிறதே" என்று எழுதினான்.
முப்பத்தெட்டுப் பேர் சிரித்தார்கள்.
சிரித்த பெயர்களை ஒன்று விடாமல் படித்தேன்.
பதினேழாவது பெயர் என் தங்கை.
கை தவறிப் பட்டுவிட்டது என்றாள்.
பட்டிருக்கலாம்.

நீரிணையின் நடுவில் சிக்னல் செத்துப்போகும்.
பதினோரு வருடமாக நான் சபித்துவந்த ஒரு மணி நேரம் அது.
ஒரு செவ்வாய்க்கிழமை, மேற்குக் காற்று அறைந்துகொண்டிருக்க
மாத்தே குடுவையோடு இயந்திர அறைச் சுவரில் சாய்ந்து நின்றேன்.
மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே
இடம் இருந்தது.
நாக்கு அங்கே சும்மா கிடந்தது,
வெயிலில் நாய் படுத்திருப்பதுபோல.

பிறகு போர்வெனீரின் தகரக் கூரைகள் தெரிந்தன.
பையில் போன் துடித்தது.
பல் கவ்விக்கொண்டது.

சோப்பு நுரை பூசிக் கசிவு தேடுகிறவளைப்போல்
ஒரு வாரம் பார்த்தேன்.
ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் குமிழ் வந்தது.

வெளியே போகும் கதவை
ஆறாவது அறைக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள்.
"நிச்சயமாகவா?" என்றது.
"மிலென்கா உன்னைத் தேடுவாளே" என்று
அவள் சிரிக்கும் படத்தைக் காட்டியது.
மிலென்கா அடுத்த தெருவில் இருக்கிறாள்.
மூன்று வருடமாக அவள் வீட்டு மணியை நான் அடித்ததில்லை.
"முப்பது நாள் காத்திருப்போம், மனம் மாறினால் வா" என்றது.
கடன்காரன்கூட இவ்வளவு பரிவாய்ப் பேசமாட்டான்.

கட்டைவிரலுக்கு மட்டும் செய்தி போய்ச் சேரவில்லை.
பயணச்சீட்டுக் கட்டை மேலே தள்ளிப் பார்த்தது.
ரொட்டியைத் தள்ளிப் பார்த்தது.
கழிப்பறையில் வெறும் தொடையைத் தள்ளிக்கொண்டிருந்தது.
தூக்கம் வந்ததா என்றால்,
முதல் வாரம் வரவில்லை.
பிறகு வந்தது, மூட்டை விழுவதுபோல.

இருபத்திரண்டாம் நாள்
தோன் அபெலினோவைப் பார்க்கப் போனேன்.
கப்பல் சமையலறையில் பத்தொன்பது வருடம்
எனக்கு மட்டும் இரண்டு கரண்டி அதிகம் போட்டவர்.
கையில் ஆப்பிள் கேக்.
கதவைத் திறந்த அவர் மனைவி இர்மா
கறுப்பில் இருந்தாள்.
அடக்கம் முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.
எல்லோருக்கும் அங்கே எழுதிப் போட்டோமே என்றாள்.
ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை.
கேக்கை வாங்கி, என்னை உட்காரவைத்து,
எனக்கே வெட்டிக் கொடுத்தாள்.
மெல்ல முடியவில்லை.

அன்றிரவு பல் நெறுநெறுத்தது.
விழித்துக் கொண்டேன்.
இன்னும் எட்டு நாள் அந்தக் கதவு திறந்திருக்கும்.
ஒரு சொல் போதும், என் கடவுச்சொல்.
போனைக் கையில் வைத்துக்கொண்டே விடியவிட்டேன்.
இந்த வலி யாருடையது என்று எனக்குத் தெரிந்தது.
முப்பத்தெட்டுப் பேரில் தேட வேண்டியிருக்கவில்லை.

காலையில் மறுபடி போய்
அவள் அடுப்படி நாட்காட்டியில்
எரிவாயுக்காரன் எண்ணுக்குக் கீழே
என் எண்ணை எழுதிவிட்டு வந்தேன்.

போன மாதம் மணி அடித்தது.
இர்மாதான்.
"இன்றைக்கு அவர் பிறந்தநாள்.
அறுபது பேர் நீடூழி வாழ்க என்று வாழ்த்தியிருக்கிறார்கள்.
இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.
இதை எப்படி அம்மா நிறுத்துவது?"

எனக்கு வழி தெரியும் என்றேன்.
மேல்கோட்டை எடுத்து மாட்டினேன்.
தெருவில், காற்றுக்காகக் கட்டிய கயிற்றைப்
பிடித்துப் பிடித்து நடந்தேன்.