சைபர் டபிள்யூ இருபது

ஒயில் மூடியின் முதுகிலேயே எழுதியிருக்கிறது:
சைபர், டபிள்யூ, ஒரு கோடு, இருபது.
அந்த டபிள்யூ பனிக்காலம் என்று
கோணலிங்கத்தின் கராஜில்தான் தெரிந்துகொண்டேன்.
வெளியே கச்சான் வீசிக்கொண்டிருந்தது.
கண்டி வீதித் தார்
செருப்பைக் கொஞ்சம் பிடித்துவைத்துத்தான் விட்டது.

"பச்சைத் தண்ணி மாதிரி ஒயில் அது, மிஸ்.
எங்கட வெக்கைக்குச் சரிவராது.
இருபது ஐம்பதை ஊத்துங்கோ,
பாணி மாதிரி நிக்கும்."

நான் கண்ணாடிக் கடையில் கண் அளப்பவள்.
கால் புள்ளி பிசகினால்
ஆள் படியில் தடுக்கும் என்று தெரிந்த தொழில்.
தடித்த கண்ணாடிதான் நல்லது என்று
இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

ஏகாம்பரம் வீதியில் மூன்று கடை.
முதலாவதில் லொறிக்காரரின் இருபது ஐம்பது மட்டும்.
அடுத்ததில் பத்து முப்பது,
மூன்று லீற்றர், ஒன்பதாயிரத்து எண்ணூறு.
மூன்றாவதில் ஹில்மி ஏணி வைத்து ஏறி
மேல் தட்டிலிருந்து ஒரு கானை ஊதி இறக்கினார்.
இலக்கம் சரி.
மூடியைச் சுற்றி, திறந்து ஒட்டிய பசை.
"இதை உங்களுக்குத் தரமாட்டன்" என்றார் அவரே.
திரும்பவும் ஏணியில் ஏறி
அதே இடத்தில் வைத்தார்.
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

சீனன்குடாவைத் தாண்டும்போது
பற்றைக்குள் அந்தப் பழைய எண்ணெய்த் தாங்கிகள்.
ஒன்றுக்குள் ஒரு கலியாண வீடே நடத்தலாம்.
இவ்வளவு இரும்புக்கும் பக்கத்தில் இருந்துகொண்டு
மூன்று லீற்றருக்கு அலைகிறேன்.

பஞ்சிகாவத்தையில் இருக்கிறதாம்.
நாலு லீற்றர்க் கான், இருபத்தோராயிரம்.
வாகன் ஆர் குடிப்பதோ மூன்று.
கண்சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்:
மூன்று கான், பன்னிரண்டு லீற்றர், நாலு வண்டி.
இரவு பஸ்காரனுக்கு ஆயிரத்து ஐந்நூறு.
ஆளுக்குப் பதினாறாயிரத்து நூற்றிருபத்தைந்து.

கிண்ணியா நஸீஹா டீச்சர் சரி என்றார்.
வங்கியில் நிஸ்ஸங்க, சரி.
நிலாவெளிக்கு ஹயர் ஓடும் மயூரதன்
"அக்கா, பெற்றோலில அது திரும்பி வருமோ?" என்று கேட்டான்.
ஐயாயிரம் கிலோமீற்றர் ஓடினால்
மூன்று லீற்றர் மிஞ்சும், ஆயிரம் ரூபா.
வராது என்றேன்.
அதற்குப் பிறகும் சரி என்றான்.

விடிய ஐந்தரைக்கு பஸ் நிலையத்தில்
பெட்டி எனக்கு முன்னமே இறங்கியிருந்தது.
கட்டிய கயிற்றை ஒரு புள்ளிமான் மென்றுகொண்டிருந்தது.
விரட்டினேன்; இரண்டடி தள்ளி நின்று
வாயில் இருந்ததை முடித்தது.

மயூரதன் வரவில்லை.
"ராத்திரி ஹயர் வந்திட்டுது, அக்கா.
பத்து முப்பதை ஊத்திப்போட்டன்."

கோணலிங்கம் பழசை வடித்தார்.
கறுப்பாக, இழை இழையாக இறங்கியது;
வேலிக் கட்டைக்குக் கறையானுக்குப் பூசவென்று
அடுத்த வளவுக்காரர் வாளியோடு நின்றார்.
புதியது சத்தமே இல்லாமல் உள்ளே போனது.
"பாருங்கோ, தண்ணி" என்றார்.
பார்த்தேன். தண்ணீர்தான்.

கதவு விளிம்பில் ஜப்பானிய ஸ்டிக்கர் ஒன்று.
எழுத்துப் புரியாது. பேனையால் யாரோ எழுதிய
38,412 புரியும்.
கையுறையைக் கழற்றிவிட்டு எழுதியிருப்பாரோ,
எட்டின் வயிறு நடுங்கியிருக்கிறது.
அதன் கீழே 91,070 என்று எழுதினேன்.
எனக்கு வியர்வையில் பேனை வழுக்கியது.

"வித்தியாசம் தெரியுதோ, மிஸ்?"
தெரியவில்லை.
புதுக் கண்ணாடி போட்டவர்களும் முதல் நாள் வந்து
அப்பிடியேதான் கிடக்கு என்பார்கள்.
பிறகு ஒருநாள் பழையதைப் போட்டுப் பார்ப்பார்கள்.

கட்டிலுக்குக் கீழே மயூரதனின் மூன்று லீற்றர்,
என் காசில்.
இருட்டில் கால் இடிபட்டால்
உள்ளே இலேசாக அசைகிறது.