விலாசம்

தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. வரலாறு, இரண்டாம் ஆண்டு.
பகலில் நாற்பத்தேழு பங்குக்காரர் வீட்டின் சாவிக்கொத்து.
இரவில், மழை இறங்கும் வளவின் ஓரம்
தூணில் சாய்ந்து ரோமாபுரி படிக்கிறேன்.

அவர்கள் வீட்டுக்கும் நடுவில் வானம் திறந்திருந்ததாம்.
அவர்களும் மழையைத் தொட்டியில் பிடித்தார்களாம்.
சுவரோரம் செத்தவர்களின் மெழுகு முகங்கள்;
இழவு விழுந்தால் கூலிக்கு ஆள் பிடித்து
அந்த முகங்களை மாட்டி நடக்க விடுவார்களாம்,
பாட்டன் வகித்த பதவிக்கேற்ற அங்கியோடு.

இங்கே மெழுகில்லை, கண்ணாடிச் சட்டம்.
பதினொரு படம். வெள்ளிதோறும் துடைப்பது நான்.
மூன்றாமவர் மூக்கில் கரையான் ஏறியிருக்கிறது.
யாரிடமும் சொல்லவில்லை.

கூப்பிட ஒரு பெயர், குலத்துக்கு ஒன்று, கிளைக்கு ஒன்று:
பெரிய இடத்து ஆணுக்கு மூன்று.
இங்கேயும் சித.வெ.அரு. என்று எழுதினால் போதும்,
பினாங்கிலிருந்து கடிதம் வந்து சேர்ந்த காலம் உண்டு.
பெண்ணுக்கு? குலப்பெயரின் வால்.
கொர்னேலியா. அடுத்தவள் பிறந்தாலும் கொர்னேலியா.
நான் சாவிக்காரி.

விடியுமுன் பெரிய வீட்டு வாசலில்
கும்பிட்டு நின்றவர்களுக்கு
ஒரு கூடைச் சோறோ சில காசோ கிடைத்தது.
தேர்தலன்று அந்தக் கூடை பேசியது.
இந்த இடத்தில் அடிக்கோடு போட்டேன்;
மை தீர்ந்து பாதியில் நிற்கிறது.

போன செவ்வாய் ஏகப்பன் வந்தார், சென்னையிலிருந்து.
பள்ளத்தூரில் எங்கள் வார்டு பெண்களுக்கென்று ஆகிவிட்டது.
"நம்ம வீட்டு ஆளா நில்லு.
கையெழுத்துப் போட்டாப் போதும்,
மத்தத நாங்க பாத்துக்குவோம்."
எதிர்வீட்டு வெ.கதி. குடும்பம்
சமையல்காரியை ஏற்கெனவே நிறுத்திவிட்டதாம்.
இரண்டு குலம், கூலிக்கு இரண்டு முகம்.

அங்கே வேட்பாளன் அங்கியில் சுண்ணாம்பு தேய்த்து
வெளுப்பாக்கிக்கொண்டுதான் தெருவில் இறங்குவானாம்.
எனக்கும் வந்தது ஒரு வெள்ளைப் புடவை, அரக்குக் கரை.
தாலி கிடக்கிற கழுத்துக்கு வெள்ளையா என்றாள் நாத்தனார்.

நேற்று ஐந்தாம் பாடம்.
பரம்பரையில் எவனும் பதவி காணாத ஒரு புது ஆள்
வாக்குப் போட நடக்கும் பாலத்தைக் குறுக்கிவிட்டானாம்,
பக்கத்தில் நின்று பலகையை எட்டிப் பார்க்க
பெரிய வீட்டுக்காரனுக்கு இடமில்லாதபடி.
ஓராள் அகலம்.

படிவத்தில் பெயர் என்றொரு கட்டம்.
ம. பொன்னழகு என்று எழுதினேன்.
ம என்பது அம்மா, மருதாயி.
முன்மொழிபவர் இடத்தில் வீட்டுக் கணக்கப்பிள்ளையின் ஒப்பம்;
அடிக்கவில்லை, இருக்கட்டும்.

வளவில் அண்டா நிரம்பி வழிகிறது.
படித்த பக்கத்துக்கு அடையாளமாய்ச்
சாவிக்கொத்தை வைத்தேன்.
புத்தகம் மூட மறுக்கிறது.